வனஜாவின் கஞ்சிப் பறவைகள்

ரெட்டெப்பா எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர். நான் சித்தூரில் டீச்சராக இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் வருவார். வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய பொட்டலம் அவர் பையிலிருந்து தலைகாட்டினால் போதும், நான் கையை நீட்டிவிடுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தெலுங்கு கலந்த தமிழில் சொல்வார். "உங்களுக்கு லேதம்மா. வனஜம்மாவுக்கு." இந்தப் பதிலை எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன். போன மாதம் ஒருநாள் காலையில் அவர் என் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்து, ஒரு சின்ன அட்டைப்பெட்டியை என் கையில் வைத்தார். பெட்டிமேல் நிறைய வெளிநாட்டு ஸ்டாம்பு.

உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். கடைசியில் எனக்கும் ஒன்று வந்துவிட்டது என்ற சந்தோஷம். அதற்கப்புறம்தான் பெட்டிமேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். வனஜா. அதற்கும் அப்புறம்தான் ரெட்டெப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"அவங்க இன்ட்டிக்குத்தான் போனேன்மா," என்றார். "வாசல்ல பந்தல் போட்டுக்கினு கீறாங்க. விடியறதுக்குள்ள போயிட்டாங்களாம், நெஞ்சு வலின்னு. இத்த யார் கையில குடுக்கறதுன்னு தெரியல. மீரு அவங்க சிநேகிதிதானே."

நான் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு கிளம்பிப் போனேன்.

நம் பள்ளியின் பழைய மாணவிகள் கேட்டதால் இதை எழுதுகிறேன். வனஜாவிடம் சயின்ஸ் படித்தவர்கள் நீங்கள்; என்னிடம் தையலும் டிராயிங்கும் படித்தவர்கள். "கல்யாணி டீச்சர், நீங்கதான் அவங்களுக்கு ரொம்ப நெருக்கம்" என்கிறீர்கள். நெருக்கம்தான். ஸ்டாஃப் ரூமில் எங்கள் மேசைகள் ஒட்டிக் கிடந்தன. ஆனால் அவள்மேல் எனக்கு இருந்தது பாதி சிநேகம், பாதி பொறாமை என்று எழுதினால் பொறாமைக்கு அநியாயம் செய்தவளாவேன். முக்கால் பங்கு அதுதான். வனஜாவுக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் மத்தியானம் என் டப்பாவிலிருந்து கேட்காமல் வடாம் எடுத்துத் தின்பாள்.

இந்தப் பறவை விவகாரத்தை ஊருக்குக் கொண்டுவந்தது நான். இதைப் பலபேர் மறந்துவிட்டீர்கள். அப்போது சித்தூரில் மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத் வந்துகொண்டிருந்தது. டைப் இன்ஸ்டிட்யூட்டுகளெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு மாற்றிக்கொண்டிருந்தன. மெட்ராஸிலிருந்த என் தம்பி ஒரு வெளிநாட்டுக் கைவேலைப் பத்திரிகையை அனுப்பினான். அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு. நெதர்லாந்தில் ஓர் அம்மாள் எழுதியிருந்தார். உங்கள் ஊரில் கிடைப்பதை வைத்துக் கையால் ஒரு பறவை செய்யுங்கள். இதுவரை நீங்கள் பார்த்தே இராத ஒருவருக்குத் தபாலில் அனுப்புங்கள். வாங்குகிறவர் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்து, தான் பார்த்திராத இன்னொருவருக்கு அனுப்பவேண்டும். யாரும் தன்னிடமே வைத்துக்கொள்ளக்கூடாது. ஊர் சுற்றி முடிந்ததும் பறவை செய்தவரிடமே திரும்பி வரும். பரிசு கிடையாது, விற்பனை கிடையாது. எழுதிக் கேட்டால் முகவரிப் பட்டியல் அனுப்புவார்கள். நான் எழுதிக் கேட்டேன். தனியாக எழுதக் கூச்சமாக இருந்ததால் வனஜா பெயரையும் சேர்த்து எழுதினேன். அந்தக் கூச்சம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் என் வாழ்க்கை நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

நான் ஒரு மீன்கொத்தி செய்தேன். டிராயிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் நான். அட்டையில் ஒவ்வோர் இறகாக வெட்டி, நீலத்தில் மூன்று விதம் கலந்து தீட்டி, வார்னிஷ் அடித்து, பஞ்சு சுற்றி இனிப்புக்கடை டப்பாவில் வைத்து அனுப்பினேன். பட்டியலில் முதல் பெயர் அந்த நெதர்லாந்து அம்மாளுடையது. அவருக்கே அனுப்பினேன். டப்பாவை மூடுமுன் ஹெட்மிஸ்ட்ரஸே வந்து பார்த்துவிட்டு, இது பறந்துவிடப் போகிறது என்றார்.

வனஜா நகரிக்காரி. அவள் நைனாவுக்கும் அண்ணனுக்கும் பவர்லூம். அங்கே தறியில் விழுந்த துண்டுத் துணியை எடுத்துவந்து, டிபன் கேரியரின் கீழ்த்தட்டில் வீட்டுக் கஞ்சியும் கொண்டுவந்து, ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் வைத்தே செய்தாள். துணியைக் கஞ்சியில் முக்கிக் கம்பிமேல் சுற்றுவாள். ஈரம் காய்வதற்குள் கழுத்தில் இடது கட்டைவிரலால் ஓர் அமுக்கு. அவ்வளவுதான் வேலை. அதனால் அவள் செய்த எல்லாப் பறவைக்கும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோல.

"இது இன்னாடி, காக்காவா, செருப்பா?" என்று கேட்டேன்.

"போய்ச் சேர்ற ஊர்ல அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்," என்றாள்.

கஞ்சியில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்துகொள்ளச் சொன்னேன். புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் பசையில் அந்த நீல உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள், பூச்சி அண்டாது. அவள் சிரித்தாள். "எங்க நைனா பொறந்ததுலேர்ந்து பாவுக்குக் கஞ்சி போட்டுக்கினு கீறாரு. எந்தப் பூச்சி வந்துது?" நெசவு வீட்டில் பிறந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. நகரியில் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டால் மறுநாளே தறியில் ஏறிவிடும். துணியாகிவிடும். துவைத்தால் கஞ்சி போய்விடும். பூச்சிக்கு நேரமே கிடையாது. தபால் மூட்டையில் மாசக்கணக்காகக் கிடக்கிற கஞ்சியைப் பற்றி அவர்கள் வம்சத்தில் யாரும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. அந்தப் பறவை ஜப்பானில் ஓர் அம்மாளுக்குப் போனது. வழியிலேயே கரப்பான்கள் விருந்து வைத்துக்கொண்டுவிட்டன.

என் மீன்கொத்தி போனது போனதுதான். வருஷம் திரும்பியபோது வனஜாவின் பறவை மட்டும் வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் ரெட்டெப்பா முதல்முறை "உங்களுக்கு லேதம்மா" என்றார். பெட்டியைத் திறந்தபோது ஸ்டாஃப் ரூமே கூடி நின்றது. உடம்பெல்லாம் ஓட்டை. ஒவ்வோர் ஓட்டையின் ஓரத்தையும் ஜப்பான் அம்மாள் சிவப்பு நூலால் தைத்திருந்தார். போலந்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சில ஓட்டைகளுக்குப் பின்னால் கண்ணாடிக் காகிதம் ஒட்டி ஜன்னலாக்கியிருந்தார்கள். பிரேசிலில் யாரோ ஒருவர் வால் ஓட்டையில் பாசிமணி கோத்துத் தொங்கவிட்டிருந்தார். நெதர்லாந்து அம்மாளின் கார்டும் கூடவே இருந்தது. இங்கிலீஷ் டீச்சர் அதை உரக்கப் படித்தார். எங்களுக்குக் கைவைக்க இடம் விட்டு அனுப்பியதற்கு நன்றி என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி என்னைப் பற்றி: உங்கள் சிநேகிதியின் நீலப் பறவை மிக அழகு, எங்கே தொடுவது என்று தெரியவில்லை, அது என் ஜன்னலோர அலமாரியில் இருக்கிறது.

விதியை எழுதினவளே விதியை மீறினாள். நான் மூன்று மாசம் உட்கார்ந்து செய்த பறவை யாரோ வீட்டு அலமாரியில் தூசி பிடிக்கிறது. கரப்பான் தின்ற கந்தல் நாலு தேசம் சுற்றி நகை போட்டுக்கொண்டு வருகிறது. எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை இருந்தால் போட்டிருப்பேன்.

"பூச்சி துன்னதுன்னு அவங்களுக்கு எழுதிடு," என்றேன். வனஜா எழுதினாள். மறைக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. அதற்கும் பதில் வந்தது, அப்படியானால் இன்னும் விசேஷம் என்று. அதற்கப்புறம் அவள் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தாள்: "கரப்பானும் நம்ம கூட்டாளிதான். அதோட பங்கை அது செஞ்சிட்டுப் போவுது." மயில்துத்தத்தைத் தொடவே இல்லை. நானும் விடவில்லை. அடுத்து செய்த கிளிக்கு நகவெட்டும் கத்தரியால் நாலு ஓட்டை போட்டு அனுப்பினேன். கத்தரியால் வெட்டிய ஓட்டை கத்தரியால் வெட்டியது மாதிரியே இருந்தது. அதுவும் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் வெளிநாட்டார் யார் சித்தூருக்குப் பறவை அனுப்பினாலும் வனஜா பெயருக்குத்தான். பட்டியலில் என் பெயர் அவள் பெயருக்கு மேல்வரியில் இருந்தது. வந்த பறவையை அவள் என் மேசைக்கு நகர்த்துவாள். "கல்யாணி, இதுக்கு ஒரு றெக்கை போடேன். உன் கை சுத்தம்." "உனக்கு வந்தது, நீயே போடு," என்று திருப்பி நகர்த்துவேன். அவள் வற்புறுத்தமாட்டாள். கோணலாக ஒரு றெக்கை ஒட்டி அனுப்பிவிடுவாள். அந்தக் கோணல் றெக்கைக்கும் நன்றி வரும்.

நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ குவைத்தில் இருந்தார்கள், உங்களுக்கே தெரியும். பறவையைக் கட்டி ஒட்டுமுன் வனஜா அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுவாள். "இது குவைத்து மேலதான் பறந்து போவும். வாங்க, ஒரு வாட்டி தொட்டுட்டுப் போங்க." நீங்கள் வரிசையில் நின்றீர்கள். சில பேர் தொட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்ப்பீர்கள். என் மேசை அவள் மேசைக்கு ஒட்டித்தான் இருந்தது. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள்மேல்கூட எனக்கு ஆத்திரம் வந்தது. விமானம் குவைத் மேலே போகுமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அந்தப் பறவைகளைக் கண்காட்சி வைத்தார்கள். ஆணி அடிப்பது, நூல் கட்டித் தொங்கவிடுவது, விளக்கு திருப்புவது எல்லாம் நான். அவளுக்கு அதில் கை வராது. மலையிலிருந்து மொட்டை அடித்து இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று உள்ளே வந்து பார்த்தார்கள். நாகலாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், "இதெல்லாம் யாரும்மா செஞ்சது?" என்று கேட்டாள். வனஜா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவதான் மொதல்ல செஞ்சது. நான் இவ பின்னாடி வந்தவ." அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். "இவங்க செஞ்சது எது?" அங்கே என்னுடையது ஒன்றுகூட இல்லை. தொங்கியதெல்லாம் வனஜாவினுடையது. நான் அப்போது எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வனஜா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இருவர் சீட்டு. நான் ஜன்னல் பக்கம். அவள் பேசிக்கொண்டே வந்தாள். சிலியில் ஓர் அம்மாளுக்கு அடுத்தது செய்யவேண்டும், அவருக்கு ஏற்கெனவே இரண்டு போயிருக்கிறது, இன்னும் முகம் தெரியாது என்று. எனக்குத் திடீரென்று கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. இவள் பெயர் வாங்குவது எனக்குப் பெரிய குறையில்லை. முகம் தெரியாத சிலிக்காரிக்கு இரண்டு. போலந்துக்காரருக்கு ஒன்று. ஜப்பானுக்கு எத்தனையோ. பக்கத்து மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. நான் பொறாமைப்பட்டது வனஜாவைப் பார்த்து மட்டும் இல்லை. அந்த முகம் தெரியாதவர்களைப் பார்த்து.

நேராகக் கேட்கிற பிறவியா நான்? ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கெல்லாம் எவ செஞ்சு குடுக்கப் போறா," என்றேன்.

அவள் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. "உனக்கு எதுக்குடி பறவை? உனக்குத்தான் நானே கீறனே."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்தாள். பஸ் சந்திரகிரி தாண்டுமுன் தூங்கிவிட்டாள். நான் சித்தூர் வரும்வரை மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். தோளை மட்டும் அசைக்கவில்லை.

அவள் மகள் சுமதி கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனபோது மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். "ஒரு பறவை குடும்மா, எடுத்துக்கினு போறேன்," என்று அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்டாள். வனஜா கொடுக்கவில்லை. "அது தெரியாதவங்களுக்குடி. நீ இன்னா எனக்குத் தெரியாதவளா?" என்றாள். அடுத்த வருஷம் என் மகன் துபாய் போனான். இரண்டு வீட்டிலும் போன் பேச்சாயிற்று, பிறகு கம்ப்யூட்டரில் முகம் பார்ப்பதாயிற்று. கடிதம் எழுதுகிறவர்கள் ஊரில் இல்லாமலே போனார்கள். ரெட்டெப்பாவின் பையில் பாங்கி நோட்டீசும் போன் பில்லும்தான். நடுவில் வனஜாவுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பெட்டி வந்துகொண்டிருந்தது. நாங்கள் ரிடையரான பிறகும் ரெட்டெப்பா என் கேட்டைத் தாண்டும்போது தலையை ஆட்டிவிட்டுத்தான் போவார்.

காரியம் முடிந்த மறுநாள் சுமதி என் வீட்டுக்கு வந்தாள். ஊருக்குத் திரும்பிவந்த பறவைகளை எல்லாம் அவளே அமெரிக்காவுக்கு எடுத்துப்போகிறாள். அது அவளுக்குச் சேர வேண்டியதுதான். காபி குடித்துக்கொண்டே, "அம்மா கடைசியா அனுப்பினது ஒண்ணு இன்னும் வர்லன்னு சொல்லிக்கினு இருந்தாங்க ஆண்ட்டி," என்றாள்.

"வந்துடுச்சி," என்றேன். "அலமாரியில கீது. உனக்குக் குடுக்கமாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். அம்மாவின் முகவெட்டு அப்படியே.

"உனக்கு ஒரு பொட்டி நிறைய கீது. எனக்கு ஒண்ணுகூட இல்ல," என்றேன். என் குரல் சண்டைக்குப் போகிற குரலாகத்தான் இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். "வெச்சுக்குங்க ஆண்ட்டி," என்றாள். "எனக்கும் நேரா ஒண்ணும் தர்ல, அந்தம்மா."

அவள் போன பிறகுதான் பெட்டியைப் பிரித்தேன். எந்தெந்த ஊரிலோ யார் யாரோ சேர்த்த பொத்தான், ஜரிகை, எழுத்து தெரியாத பாஷையில் ஒரு சீட்டு. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. பிய்க்கவில்லை. எல்லாம் பிறத்தியார் கை. அடியில் இருந்த நகரித் துணி மட்டும் அவள் கை. கழுத்து வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அமுக்கிய குழியில் என் இடது கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் கொஞ்சம் பெரிசு.

அதை ஜன்னலோர அலமாரியில் வைத்திருக்கிறேன். வைத்த பிறகு அந்த நெதர்லாந்து அம்மாளின் நினைவு வந்தது. என் மீன்கொத்தியை அனுப்ப மனசு வராமல் வைத்துக்கொண்டவர். அவரை எத்தனை வருஷம் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன். இப்போது அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் வனஜா, உன்மேல் இருக்கிறது. "நானே கீறனே" என்று சொல்லித்தானே எனக்குத் தராமல் ஏய்த்தாய்? இப்போது நீ இல்லை. இந்தப் பறவை எனக்குச் சேர வேண்டியது. சிலிக்காரியும் ஜப்பான்காரியும் வந்து கேட்டாலும் தரமாட்டேன். விதி என்ன சொன்னாலும், இங்கிருந்து இது எங்கும் போகாது.

நேற்றுக் காலை தூசி தட்டும்போது வாலில் ஒரு புது ஓட்டை. கரப்பானும் கூட்டாளிதான் என்பாய். எனக்கு இல்லை. உடனே பஜாருக்குப் போய் மயில்துத்தம் வாங்கிவந்து, பசையில் கரைத்து, வால் தொடங்கிக் கழுத்துக் குழிவரை ஓரிடம் விடாமல் மெல்லிய பிரஷ்ஷால் பூசினேன். காய்ந்ததும் பார்த்தால் உன் துணியில் லேசாக நீலம் ஏறியிருக்கிறது.

என் பங்கையும் சேர்த்துவிட்டேன். யாருக்கும் அனுப்புவதாக இல்லை.